திருட்டு கோலா, தூங்கிய சுவரா?

கேள்வி கேட்டவர் பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழர், பெங்களூரு எஃப்சி ரசிகர். ஐஎஸ்எல் எனும் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தின் ப்ளே-ஆஃப் நெருங்கினால் அவருக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. ஆபீஸில் பக்கத்து நாற்காலி மலையாள நண்பர், 2023-ல் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராகப் பெங்களூரின் சுனில் சேத்ரி அடித்தது திருட்டு கோல் என்று ஆரம்பிக்கிறார். வீட்டுக்கு வந்தால் சென்னையில் இருக்கும் மாமா பையன்கள் 2018 ஃபைனலில் சென்னையின் எஃப்சி பெங்களூரைத் தோற்கடித்ததைச் சொல்லிக் காட்டி, "தமிழனாப் பொறந்துட்டு சென்னையினுக்குக் கத்தாம அங்க என்னடா பண்றே" என்று போனில் வறுக்கிறார்கள். இந்த இரண்டு தரப்புக்கும் என்ன பதில் சொல்வது என்று கேட்கிறார்.

நானும் அதே மத்தளம்தான். ஆஸ்டின் டவுனில் வளர்ந்தவன். பெங்களூரு எஃப்சியின் சொந்த மைதானமான கண்டீரவாவின் மேற்கு கேலரியில் பல வருடங்களாகத் தொண்டையைக் கெடுத்துக்கொண்டிருப்பவன். அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் நம் ஆட்கள் பேசுகிற அபத்தத்தையும் மூடி மறைக்கப் போவதில்லை.

முதலில் அந்த கோல்.

2023 மார்ச் 3, வெள்ளிக்கிழமை ராத்திரி. புள்ளிப் பட்டியலில் நாலாவதாக வந்த பெங்களூரும் ஐந்தாவதாக வந்த கேரளா பிளாஸ்டர்ஸும் மோதிய நாக்-அவுட். ப்ளே-ஆஃப் ஆறு அணிகளுக்கு விரிந்தது அந்த சீசனில்தான். முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நேராக செமி ஃபைனலில் உட்காருவார்கள். மூன்றிலிருந்து ஆறு வரை வந்தவர்கள் ஒரே ஓர் ஆட்டம் ஆடி, ஜெயித்தால் உள்ளே, தோற்றால் வீட்டுக்கு. பட்டியலில் மேலே இருப்பவரின் மைதானத்தில்தான் ஆட்டம். பெங்களூரு நாலாவது இடத்துக்கு வந்ததே ஒரு கதை. சீசன் பாதியில் கைகழுவிவிட்ட அணி, கடைசி எட்டு லீக் ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்து வந்தது. அதனால் அன்றைக்கு கேலரியில் திமிர் கொஞ்சம் அதிகம். எதிர்ப்பக்கத்தில் மஞ்சளும் குறைச்சல் இல்லை. பெங்களூரில் பிளாஸ்டர்ஸ் ஆடினால் அது அவர்களுக்குப் பாதி சொந்த ஊர்.

தொண்ணூறு நிமிடம் ஒரு கோலும் இல்லை. எக்ஸ்ட்ரா டைம் தொடங்கி ஆறு நிமிடம் போல ஆகியிருக்கும், பெனால்டி பெட்டிக்கு வெளியே பெங்களூருக்கு ஒரு ஃப்ரீ கிக். கண்டீரவா தடகளத்துக்காகக் கட்டிய மைதானம். கேலரிக்கும் புல்லுக்கும் நடுவில் ஓட்டப்பாதை வேறு. தூரத்தில் நடப்பது எறும்பு ஊர்கிற மாதிரிதான் தெரியும். எப்படியும் சுவர் நிறுத்தி, ரெஃப்ரி ஊதி, ஒரு நிமிடமாவது ஆகும் என்று நான் குனிந்து கடலைப் பொட்டலத்தைப் பிரித்தேன். நிமிர்ந்தால் பந்து வலைக்குள் கிடக்கிறது. யாரும் கத்தவில்லை. "கோலா?" என்று பக்கத்தில் இருந்தவர் என்னைக் கேட்கிறார், நான் அவரைக் கேட்கிறேன். பத்து விநாடி கழித்துத்தான் சத்தமே வந்தது. சொந்த அணி கோல் அடித்ததற்கு கேலரி அவ்வளவு தாமதமாகக் கத்தியதை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

நடந்தது இதுதான். பிளாஸ்டர்ஸ் கோல் கீப்பர் சுவரைச் சரிசெய்துகொண்டிருந்தார். சேத்ரி காத்திருக்காமல் பந்தை மெதுவாகத் தூக்கிப் போட்டார். ரெஃப்ரி கிரிஸ்டல் ஜான் கோல் என்று கை காட்டினார். பிளாஸ்டர்ஸ் கோச் இவான் வுகொமனோவிச், அவர்கள் ஊரில் "ஆசான்", மைதானத்துக்குள் வந்து அணியையே வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டார். காத்திருந்து பார்த்துவிட்டு, பெங்களூரு 1-0 என்று ஆட்டத்தை முடித்தார்கள்.

இப்போது விதி. கால்பந்து விதிப் புத்தகத்தில் ஃப்ரீ கிக்குக்கு உரியது 13-வது விதி. சுவர் நின்ற பிறகுதான் அடிக்கவேண்டும் என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. எதிரணிக்காரர்கள் 9.15 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும் என்பது தப்பு செய்த அணியின் கடமை. அடிக்கிறவருக்கு அந்தத் தூரம் வேண்டாம் என்றால் பந்தை நிறுத்தி வைத்து உடனே அடிக்கலாம். சுவர் என்பது தடுக்கிறவர்களின் வசதி, உரிமை இல்லை. விசில் எப்போது கட்டாயமாகிறது என்றால், ரெஃப்ரி குறுக்கே வந்து "நான் ஊதினால்தான்" என்று நிறுத்திவைக்கும்போது: தூரத்தை அளந்து நிறுத்த, கார்டு காட்ட, ஆள் மாற்ற, காயம் பார்க்க.

ஆக, சண்டை மொத்தமும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது. ரெஃப்ரி அந்த ஃப்ரீ கிக்கை நிறுத்திவைத்தாரா, இல்லையா? நிறுத்திவைத்தார், விசில் இல்லாமல் அடித்தது செல்லாது என்பது பிளாஸ்டர்ஸ் கட்சி. சுவரும் வேண்டாம், விசிலும் வேண்டாம் என்று ரெஃப்ரியிடம் சொல்லிவிட்டுத்தான் அடித்தேன் என்பது ஆட்டம் முடிந்து சேத்ரி சொன்னது. இதில் எனக்குப் பெரிய சாட்சி ஏட்ரியன் லூனா. பிளாஸ்டர்ஸ் ஆட்டக்காரரான அவரே பந்துக்கு முன்னால் வந்து நின்று சேத்ரியை மறித்தார். விசில் ஊதித்தான் அடிப்பார்கள் என்று நம்பியிருந்தால் எதற்குப் போய் மறிக்கவேண்டும்? ஆபீஸ் நண்பரிடம் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் காபியைக் கலக்குவார்.

ஆனால் ஓர் இடத்தில் அவருக்கு நான் தலையாட்டுவேன். ஒரு நாக்-அவுட்டில், எக்ஸ்ட்ரா டைமில், கோல் கீப்பர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கும்போது, "உடனே அடிக்க அனுமதி" என்பது மைதானத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்படி ரெஃப்ரி நடந்துகொண்டிருக்கலாம். விதிப்படி அவருக்கு அந்தக் கடமை இல்லை. இருந்தாலும் கேலரியில் இருந்த எங்களுக்கே பத்து விநாடி புரியவில்லை என்றால், எதிரணிக்கு எப்படி இருந்திருக்கும்? சட்டப்படி கோல். அழகான கோலா என்றால், சேத்ரி அடித்த நூறு கோல்களில் இதை எடுத்து நான் ஃபிரேம் போட்டு மாட்ட மாட்டேன்.

வெளியேறியது வேறு விஷயம், அதில் எனக்குக் குழப்பமே இல்லை. 120-வது நிமிடம் வரை ஆட்டம் இருக்கிறது. கோல் விழுந்தது 96-ல். ஏறக்குறைய 24 நிமிடம் பாக்கி, ஒரு கோல் அடித்தால் பெனால்டிக்குப் போயிருக்கும். அந்த 24 நிமிடத்தைத் தூக்கிப் போட்டது ரெஃப்ரி இல்லை, ஆசான்தான். பிளாஸ்டர்ஸ் ஆட்டத்தைத் திரும்ப நடத்தச் சொல்லிக் கேட்டார்கள், எடுபடவில்லை. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கோச்சுக்கு 5 லட்சம், அதோடு 10 ஆட்டம் தடை. மன்னிப்புக் கேட்காவிட்டால் தொகை இன்னும் கூடும் என்றும் சொன்னது.

மலையாள நண்பரின் கோபத்துக்குப் பின்னால் இருப்பது அந்த ஒரு ராத்திரி மட்டும் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். 2014, 2016, 2022 என்று மூன்று ஃபைனல் வந்து மூன்றிலும் தோற்ற அணி அது, அதில் இரண்டு பெனால்டியில். கொச்சியில் நிரம்பி வழிகிற மைதானத்தை வைத்துக்கொண்டு அலமாரி காலியாக இருந்தால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். நாம் அதில் எண்ணெய் ஊற்றவேண்டாம்.

சரி, நம் ஆட்களின் கதைக்கு வருவோம். மார்ச் 3 அன்று நாம் எல்லோரும் என்ன சொன்னோம்? "ரெஃப்ரி சொன்னால் சொன்னதுதான், மூடிக்கொண்டு ஆடு." பிறகு செமி ஃபைனல். மும்பை சிட்டி அந்த வருட லீக்கில் முதலிடம், 46 புள்ளி. நமக்கு 34. மும்பையில் நாம் 1-0, இங்கே அவர்கள் 2-1. மொத்தம் 2-2. வெளியூரில் அடித்த கோலுக்குக் கூடுதல் மதிப்பு என்ற பழைய விதி இருந்திருந்தால் மும்பை அங்கேயே ஃபைனலுக்குப் போயிருக்கும், ஏனென்றால் அவர்கள் வெளியூரில் அடித்தது இரண்டு. அந்த விதி இல்லாததால் பெனால்டி, அதில் 9-8. கடைசிப் பெனால்டியை அடித்தவர் சந்தேஷ் ஜிங்கன், ஒரு காலத்தில் பிளாஸ்டர்ஸ் கேப்டன். இதைவிட நண்பரை வெறுப்பேற்ற ஒரு விஷயம் கிடைக்காது, ஆனால் சொல்லாதீர்கள்.

மார்ச் 18, கோவாவில் ஏடிகே மோகன் பகானோடு ஃபைனல். நாம் 2-1 முன்னால். 85-வது நிமிடத்தில் அவர்களுக்கு ஒரு பெனால்டி. தப்பு பெட்டிக்கு வெளியேதான் நடந்தது என்று நம் பக்கத்தில் எல்லோரும் குதித்தோம். 2-2 ஆகி, பெனால்டி ஷூட்-அவுட்டில் 4-3 என்று தோற்றோம். அன்று ராத்திரி முழுக்க "வீடியோ ரெஃப்ரி வேண்டும், ரெஃப்ரி எங்களைக் கொன்றுவிட்டார்" என்று ஒப்பாரி. உரிமையாளரே வெளிப்படையாக வீடியோ ரெஃப்ரி கேட்டார். பதினைந்து நாள் முன்பு "சொன்னால் சொன்னதுதான்" என்றவர்கள் இதே நாங்கள்தான். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு. வீடியோ ரெஃப்ரி மார்ச் 3-ல் இருந்திருந்தால் அந்த ஃப்ரீ கிக்கையும் போட்டுப் பார்த்திருப்பார்களே என்று அந்த ராத்திரி எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். இரண்டு நாள் யாரும் எனக்குக் குட்மார்னிங் போடவில்லை.

நடுவில் ஒன்று சொல்லவேண்டும், இது இன்னும் எனக்கு ஆறவில்லை. சேத்ரி கோல் திருட்டா, நியாயமா என்று ஊரே மல்லுக்கு நின்ற மறுநாள், மார்ச் 4, சவூதியில் ரியாத் நகரத்தில் மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராஃபி ஃபைனல். கர்நாடகம் மேகாலயாவை 3-2 என்று ஜெயித்து, 54 வருடம் கழித்துக் கோப்பையைத் தூக்கியது. இங்கே கேட்பார் இல்லை. எங்கள் தெருவில் இரண்டு பேர் அதைப் பற்றிப் பேசினார்கள், இரண்டு பேருக்கும் வயது எழுபதுக்கு மேல்.

இனி சென்னைப் பங்காளிகள். 2017-18 சீசனில்தான் பெங்களூரு ஐ-லீக் என்ற இன்னொரு லீகை விட்டு ஐஎஸ்எல்லுக்கு வந்தது. வந்த வருடமே லீக்கில் 40 புள்ளியோடு முதலிடம். இரண்டாவதாக வந்த சென்னையினுக்கு 32. எட்டுப் புள்ளி வித்தியாசம். மற்ற நாடுகளின் பெரிய லீக் என்றால் அங்கேயே கோப்பை கையில் கொடுத்திருப்பார்கள். ஐஎஸ்எல்லில் அப்போது லீக் முதலிடத்துக்குத் தனி விருதுகூடக் கிடையாது. லீக் வின்னர்ஸ் ஷீல்டு வந்தது 2019-20-ல்தான். "நாங்கள்தான் உண்மையான சாம்பியன்" என்று நம் ஆட்கள் 2018-ஐப் பற்றிச் சொல்வது இதை வைத்துத்தான்.

எனக்கு அந்த வாதம் பிடிக்காது. ப்ளே-ஆஃப் உண்டு என்று தெரிந்துதான் சீசன் தொடங்குகிறது. நல்ல அணியும் ஒரு ராத்திரியில் தோற்கலாம் என்று வைத்திருக்கிற ஏற்பாடுதான் அது. 2018-ல் எட்டுப் புள்ளி பின்னால் இருந்தவன் நம்மை அடித்தது அநியாயம் என்றால், 2023-ல் பன்னிரண்டு புள்ளி பின்னால் இருந்த நாம் மும்பையை அடித்ததும் அநியாயம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைத் திருப்பித் தரமுடியாது. லீக்கில் முதலிடமும் வந்து, ஃபைனலும் ஜெயித்து, யாரும் வாய் திறக்கமுடியாத மாதிரி கோப்பை வாங்கியது 2018-19-ல்தான். மும்பையில் கோவாவோடு ஃபைனல், எக்ஸ்ட்ரா டைம் முடியப்போகும் நேரத்தில் ராகுல் பேகே தலையால் முட்டிய ஒரே கோல். பெருமை பேசவேண்டும் என்றால் அதைப் பேசுங்கள்.

2018 மார்ச் 17 ஃபைனல் கண்டீரவாவிலேயே நடந்தது. சென்னையில் இருந்து என் மாமா பையன் முந்தின நாளே வந்து இறங்கிவிட்டான். அவனுக்கும் எங்கள் கேலரியிலேயே டிக்கெட் வாங்கியிருந்தேன். ஒரு வசதி, இரண்டு அணிக்கும் நிறம் நீலம்தான். மார்பில் இருக்கும் சின்னத்தைக் கூர்ந்து பார்க்காதவரை இவன் யார் என்று யாருக்கும் தெரியாது. "வாயை மட்டும் திறக்காதே" என்று கப்பன் பார்க் மெட்ரோவில் இறங்கும்போதே சொல்லிவைத்தேன். ஒன்பதாவது நிமிடம் சேத்ரி பாய்ந்து தலையால் அடித்தார். மைதானம் அதிர்ந்தது, இவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பதினேழாவது நிமிடம் கார்னரில் மெய்ல்சன் ஆல்வெஸ் எல்லோருக்கும் மேலே எழும்பி முட்டினார். இவன் என்னை மறந்து, ஊரை மறந்து, "மச்சா!" என்று துள்ளி எழுந்தான். மூன்று வரிசை திரும்பிப் பார்த்தது. சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். முன்னால் இருந்த ஒரு பெரியவர் நிதானமாக, "பரவால்ல விடுப்பா, எங்க வீட்லயும் ஒண்ணு இப்படித்தான் இருக்கு" என்றார், நல்ல தமிழில்.

இடைவேளைக்குச் சற்று முன்பு மறுபடியும் கார்னர், மறுபடியும் மெய்ல்சன். இந்தத் தடவை இவன் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டான். 67-ல் ரஃபேல் அகுஸ்டோ மூன்றாவதை அடித்தபோது நானே "எழுந்துக்கோ, பரவாயில்லை" என்று சொல்லவேண்டியிருந்தது. கடைசியில் மிக்கு ஒன்று அடித்து 3-2 ஆக்கினார், நேரம் போய்விட்டது.

இந்தத் தோல்விக்கு ரெஃப்ரியைக் குறை சொல்ல வழியே இல்லை. ஒரே ஆள், ஒரே மாதிரி, இரண்டு கார்னர். நீங்கள் பங்காளிகளிடம் அதை ஒத்துக்கொள்வதுதான் மரியாதை. டிசம்பரிலேயே இதே மைதானத்தில் வியாசர்பாடிப் பையன் தன்பால் கணேஷ் கடைசி நேரத்தில் முட்டி சென்னையினை 2-1 ஜெயிக்கவைத்தார். எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது, நாம்தான் படிக்கவில்லை.

"தமிழனா இருந்துக்கிட்டு" என்பதற்கு என் பதில் நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். அல்சூருக்குப் பக்கத்தில் கௌதம்புரா என்று ஒரு தமிழ்க் குடியிருப்பு இருக்கிறது. அங்கே பீலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். உலகக் கோப்பை வந்தால் தெருவே பிரேசில் மஞ்சளாகிவிடும். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். அந்த ஆட்டத்தில் நம் அணி இரண்டு பெனால்டியைக் கோட்டைவிட்டு 2-1 என்று தோற்றது. பெனால்டி நம்மை அப்போதே பிடித்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1962 ஜகார்த்தாவில் ஆசியப் போட்டித் தங்கம் வாங்கிய அணியில் இருந்த அருமைநாயகமும் இந்த ஊர்தான். ஆஸ்டின் டவுன் மைதானத்தில் சாயங்காலம் போய் நின்றால், "பாஸ் கொடுறா" என்ற சத்தம் எந்த மொழியில் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். தமிழ், கன்னடம், உருது, ஒரே வாக்கியத்தில் மூன்றும் வரும். இந்த ஊர் பந்து தமிழனுக்கு அந்நியம் என்று சென்னையில் உட்கார்ந்து யாரும் சொல்லமுடியாது. சென்னையினுக்குக் கத்துவதும் தப்பில்லை. என் வீட்டுக்காரி கத்துகிறாள், அவள் பிறந்த ஊர் அது. ஃபைனல் என்றால் சமையலறையில் இருந்து ஒரு பக்கம், ஹாலில் இருந்து ஒரு பக்கம்.

மாமா பையன் கதையை முடித்துவிடுகிறேன். 2018 ஃபைனல் முடிந்து ஆறு மாதம், தினம் ஒரு கோப்பைப் படம் எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். அடுத்த சீசன் தொடங்கியது. நடப்புச் சாம்பியன் சென்னையின் எஃப்சி 18 ஆட்டத்தில் 9 புள்ளி எடுத்து, பட்டியலில் கடைசி இடம். நாங்கள் கோப்பை வாங்கிய ராத்திரி போன் அடித்தது. எடுத்தேன். "ஒண்ணும் சொல்லாதே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.